கணக்குக்கு ஆண் என்ன, பெண் என்ன?

கேள்வி: புள்ளியியல் படித்த என் மகள் மருத்துவத் தரவு, ஏ.ஐ. பக்கம் போகப் போகிறாளாம். அதில் பெண்களுக்கென்றே தனிக் குழுக்கள் இருக்கின்றனவாம், சேரப் போகிறாளாம். கணக்குக்கு ஆண் என்ன, பெண் என்ன? திறமை இருந்தால் போதாதா? இதற்குச் சந்தா வேறு கட்ட வேண்டுமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: கணக்குக்கு ஆண் பெண் இல்லைதான். எதைக் கணக்குப் பார்ப்பது என்று முடிவு செய்கிறவர்களுக்கு உண்டே!

சோல்பிடெம் என்று ஒரு தூக்க மாத்திரை. 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெண்கள் உடலிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறும். காலையில் கார் ஓட்டும்போதும் மயக்கம் மிச்சமிருக்கும். பெண்களுக்குப் பாதி அளவு போதும் என்று அந்நாட்டு மருந்துத் துறை சொன்னது 2013-இல். நடுவில் 20 வருஷம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் ரெஜினா பார்சிலை மனித மொழியைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சியில் இருந்தவர். 2014-இல் மார்பகப் புற்றுநோய் வந்தது. தன்னைப் போன்ற நோயாளிகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், மருத்துவர்களிடம் சரியான பதில் இல்லை. ஆனால் தரவு இருந்தது, ஆஸ்பத்திரிக் கணினிகளில் மூட்டை மூட்டையாக. குணமானதும் அந்த மூட்டையைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். அவர் குழு உருவாக்கிய ‘மிராய்’ என்ற ஏ.ஐ. மென்பொருள், மாமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே படத்தைப் பார்த்து அடுத்த 5 ஆண்டுகளுக்கான புற்றுநோய் அபாயத்தைக் கணிக்கிறது. ஸ்வீடன், தைவான் பெண்களின் படங்களிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வி எழ, ஆராய்ச்சியாளரே படுக்கையில் விழ வேண்டியிருந்தது, பாருங்கள்.

சரி, திறமைக்கு வருவோம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பத்திரிகையில் அடுத்த இதழின் பாதி, ராத்திரி பத்து மணிக்கு டீக்கடையில்தான் முடிவாகும். பெண் உதவியாசிரியர்களுக்கு மறுநாள்தான் தெரியும். அதற்குப் பெயர் ‘ஆண்கள் குழு’ என்று யாரும் சொன்னதில்லை. எங்கே வேலை காலி, யாரிடம் ஆராய்ச்சிக்குச் சேரலாம், எவ்வளவு சம்பளம் கேட்கலாம் என்பதெல்லாம் அப்படிப்பட்ட டீக்கடைகளில்தான் கைமாறுகிறது. 2005-இல் ஒரு மாநாட்டுக்குப் போய் ஒரே அறையில் தங்கிய சில மாணவிகள், இயந்திரக் கற்றல் (தரவைப் பார்த்துக் கணினியே கற்றுக்கொள்ளும் ஏ.ஐ. முறை) துறையில் தங்களுக்குத் தெரிந்த பெண்களைப் பெயர் சொல்லி எண்ணிப் பார்த்தார்கள். அடுத்த வருஷமே அவர்களை ஒன்றுகூட்டினார்கள். ‘விமன் இன் மெஷின் லேர்னிங்’ என்ற குழு அப்படிப் பிறந்ததுதான்.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளின் விவரத்தை ‘பிக்மி’ என்ற அரசின் கணினிப் பதிவேட்டில் ஏற்றுவது கிராம சுகாதார செவிலியர்கள். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் அந்த அக்காக்களின் கை வழியாகத்தான் எண்ணாக மாறுகிறது. அவர்களில் ஒருவரோடு ஒரு நாள் சுற்றிவிட்டு வரட்டும். எந்தக் கட்டம் அளந்து நிரப்பியது, எந்தக் கட்டம் அவசரத்தில் நிரப்பியது என்று எந்த மென்பொருளும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

அப்புறம், சந்தா. ‘ஆர்’ என்ற புள்ளியியல் கணினி மொழியைப் பயன்படுத்தும் பெண்களுக்காக 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘ஆர்-லேடீஸ்’ போன்ற குழுக்களின் கூட்டங்கள் இலவசம். பஸ் காசு மட்டும் கொடுங்கள்.