மளிகைச் செலவை வைத்து வளர்ச்சியை அளக்க முடியுமா?

கேள்வி: எங்கள் வீட்டு மாத மளிகைச் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகிறது. மக்கள் அதிகமாகச் செலவு செய்வதை வைத்தே ஒரு மாநிலம் வளர்கிறது என்று பொருளாதார வல்லுநர்கள் கணக்கிடுகிறார்களாமே, அது சரியா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: தொகையை மட்டும் பார்த்தால் சரியாகாது. வருமானம் கூடினாலும் மளிகைச் செலவு ஏறும், விலைவாசி கூடினாலும் ஏறும். கடைச் சிட்டையின் கூட்டுத்தொகையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே, குடும்பத்தின் மொத்தச் செலவில் உணவுக்குப் போகும் பங்கு எவ்வளவு என்பதையே முதலில் கேட்க வேண்டும். வருமானம் குறைந்த குடும்பத்தில் அந்தப் பங்கு மிகுதியாக இருக்கும் என்பதை, பெல்ஜியக் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்து 1857-இல் எடுத்துக்காட்டியவர் ஜெர்மனியின் சாக்சனியைச் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கெல் (மார்க்ஸின் நண்பரான ஏங்கெல்ஸ் வேறு). அவர் கண்ட விதி இன்றும் பெரும்பாலும் பொருந்துகிறது.

மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, 1999-2000-இல் இந்தியக் கிராமப்புறத்தில் நூறு ரூபாய் செலவில் ஏறத்தாழ 59 ரூபாய் உணவுக்கே போனது. 2011-12-இல் அது 53 ஆகவும் 2022-23-இல் 46 ஆகவும் இறங்கியது. அடுத்த ஆண்டே 47-ஐத் தொட்டது. நகரங்களிலும் சற்றே கூடியது. பருப்பும் காய்கறியும் விலையேறியிருந்த காலம் அது என்பதை மறந்துவிட்டு, மக்கள் விரும்பி அதிகம் சாப்பிட்டார்கள் என்று இதற்குப் பொருள் சொல்லக் கூடாது.

பங்கோடு, அதற்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்பதும் முக்கியம். கிராமப்புறச் செலவில் தானியங்களின் பங்கு 2011-12-இல் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2022-23-இல் 5 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிட்டது. அந்த இடத்தைப் பாலும் முட்டையும் பழமும் பிடித்தால் அது மெய்யான முன்னேற்றம். ஆனால் உணவுச் செலவுகளில் இன்று மிகப் பெரிய பங்கு பிஸ்கட், நொறுக்குத்தீனி, தேநீர், வெளியே வாங்கும் சமைத்த உணவு ஆகியவை அடங்கிய பிரிவுக்கே போகிறது. இதை முழுக்க வளர்ச்சி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

கணக்கெடுப்பாளர்கள் ரூபாயோடு வாங்கிய அளவையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள்; அளவு தெரியாமல் ரூபாயை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மாதம் இரண்டு கிலோ துவரம்பருப்பு வாங்கிய வீடு, விலையேறிய பின் ஒன்றரைக் கிலோவோடு நிறுத்திக்கொண்டு அதே தொகையைக் கொடுத்தால், செலவு மாறியிராது, சாம்பார்தான் நீர்த்துப்போகும். உங்கள் பழைய சிட்டைகள் இருந்தால் ரூபாயை விட்டுவிட்டுக் கிலோவை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் குடும்பத்தின் நிலை அதில் தெரியும்.

கேள்வி: ரேஷன் கடையில் அரிசி இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டைப் பிற மாநிலங்களோடு இந்த அளவுகோலால் ஒப்பிடுவது நியாயமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: எச்சரிக்கையோடு ஒப்பிடலாம். 2023-24-இல் கிராமப்புறத்தில் ஒருவருக்கு ஆகும் சராசரி மாதச் செலவு தமிழ்நாட்டில் 5,701 ரூபாய், சத்தீஸ்கரில் 2,739 ரூபாய். இது உணவு, உணவல்லாதவை எல்லாம் சேர்ந்த தொகை. அரசின் நலத்திட்டங்களில் இலவசமாகப் பெற்ற பொருள்களின் மதிப்பு இதில் இல்லை. அந்த மதிப்பையும் சேர்த்து மற்றொரு கணக்கு தனியே வெளியிடப்படுகிறது. அதில் அகில இந்தியக் கிராமப்புறச் சராசரி 4,122 ரூபாயிலிருந்து 4,247 ரூபாயாகிறது.

ஆனால் சலுகை விலைப் பொருள்களுக்கு இந்தத் திருத்தம் கிடையாது. இங்கே ரேஷனில் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. கொடுத்த விலையே செலவாகப் பதிவாவதால், அந்தப் பருப்பு வெளிச்சந்தையில் அதைப்போலப் பல மடங்கு விற்றாலும், குடும்பம் உண்மையில் உண்டதன் மதிப்பு குறைவாகவே தெரியும். இலவச அரிசியை இட்லி மாவுக்கு ஊறப்போட்டுவிட்டுச் சோற்றுக்குப் பொன்னி அரிசியைக் கடையில் வாங்கும் வீடுகளும் இங்கே ஏராளம். எனவே மாநிலங்களை ஒப்பிடும்போது, தானியச் செலவு குறைந்திருப்பதை மட்டும் காட்டி ஒரு மாநிலத்தை வளம் மிக்கது என்று சொல்பவரிடம், அங்கே ரேஷன் கடையில் என்ன விலைக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.