ரோசா பார்க்ஸ் பற்றிய உங்கள் மகளின் உரை

வணக்கம். "களைத்துப்போன ஒரு மூதாட்டி வெள்ளையர் இருக்கையில் அமர்ந்து எழ மறுத்தார்" என்று உங்கள் ஒன்பது வயது மகள் பள்ளி உரைக்கு எழுதியிருப்பது சரிதானா எனக் கேட்டிருந்தீர்கள். அந்த வரியைத் திருத்திவிடுங்கள். 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகரில், வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்த பேருந்தில் எழ மறுத்துக் கைதானபோது ரோசா பார்க்ஸுக்கு வயது 42தான்; அவர் அமர்ந்திருந்ததும் கறுப்பினத்தவருக்கான பகுதியின் முன்வரிசையில்தான். வெள்ளையருக்கான முன்பகுதி நிரம்பியதும், நின்றிருந்த ஒரு வெள்ளையருக்காக அவ்வரிசையிலிருந்த நால்வரையும் எழச் சொன்னார் ஓட்டுநர். மூவர் எழுந்தனர், பார்க்ஸ் எழவில்லை. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் அவர் பல்லாண்டுகள் செயலாளராக இருந்தவர் என்பதையும் அவசியம் சேருங்கள், ஏனெனில் களைப்பு என்ற சொல் அவருடைய துணிவைத் தற்செயலாகச் சுருக்கிவிடுகிறது.

என்னைக் கேட்டால், கிளாடெட் கால்வினையும் உங்கள் மகள் அறிய வேண்டும். அதே நகரில், அதே ஆண்டு மார்ச் 2 அன்று, 15 வயது மாணவியாக எழ மறுத்துக் கைதானவர் அவர். பார்க்ஸ் கைதானதை எதிர்த்து அந்நகரின் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்துகளைப் புறக்கணித்துக்கொண்டிருந்த காலத்தில், பேருந்துகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1956இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த வழக்கைத் தொடுத்த பெண்களுள் அவரும் ஒருவர்.