சோல் ஒட்டும் பிரிவில் கையால் சொல்யூஷன் தடவுவதை விட்டு இயந்திரத்துக்கு மாறலாமா?

"எங்கள் ஷூ தொழிற்சாலையில் எட்டுப் பெண்கள் பிரஷ்ஷால் சொல்யூஷன் (ஒட்டும் பசை) தடவுகிறார்கள். உருளை இயந்திரம் ஒன்று வாங்கினால் ஆளும் குறையும், சோல் பிரிந்து வரும் புகாரும் நின்றுவிடும் என்று விற்பனையாளர் சொல்கிறார். நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இயந்திரம் வாங்கலாம், ஆனால் அவர் சொன்ன இந்த இரண்டு காரணங்களுக்காக வாங்காதீர்கள். இதே இரண்டு வாக்குறுதிகளை நம்பி எங்கள் தொழிற்சாலையில் இயந்திரம் வந்து இறங்கியபோது, சோல் ஒட்டும் பிரிவின் மேற்பார்வையாளர் என்ற முறையில் அந்தக் கோப்பில் நானும் கையெழுத்திட்டேன். அதனால்தான் உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. பெரிய ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு நீங்கள் ஜாப் வொர்க் செய்கிறீர்கள். சோல் வாய்பிளந்து திரும்பி வரும் ஜோடிகளுக்கான பணத்தை உங்கள் பில்லில் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த நெருக்கடியில்தான் இந்த யோசனை வந்திருக்கும். அப்படியானால், இயந்திரத்தின் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், சோல் எதனால் ஒட்டுகிறது என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

தோல் அப்பரின், அதாவது ஷூவின் மேல்பாகத்தின், அடிப்பக்கத்தைச் சுரண்டி ரஃபிங் செய்து, வழவழப்பான மேல்படலத்தை நீக்கி, நார் தெரியும்படி விடுகிறோம். ரப்பர் சோலாக இருந்தால், அதில் சொல்யூஷன் பிடிப்பதற்காக ஹாலோஜன் கரைசல் தடவிக் காயவைக்கிறோம். அதன்பிறகு இரண்டு பக்கமும் பாலியூரித்தேன் சொல்யூஷன் தடவி, கரைப்பான் முழுவதும் பறந்தபின், அகச்சிவப்பு விளக்கின் கீழே ஏறத்தாழ 60 டிகிரிக்குச் சூடாக்குகிறோம். காய்ந்துபோன படலம் அந்தச் சூட்டில் மறுபடி இளகும். இளகிய இரண்டு படலங்களையும் உடனே சேர்த்து அழுத்தும்போது அவை ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகின்றன. இத்தனை படிகளில் இயந்திரம் எடுத்துக்கொள்வது தடவும் படியை மட்டும்தான். ரஃபிங் சரியில்லாத தோலின்மேல் அது மிகச் சீராகவே தடவும்; அந்தச் சோலும் பிரிந்துதான் வரும்.

உருளை இயந்திரத்தின் அமைப்பு எளிமையானது. அடியில் ஒரு தொட்டி, அதில் பாதி மூழ்கிச் சுழலும் எஃகு உருளை, உருளையை ஒட்டி, மிகுதியான சொல்யூஷனை வழித்துவிடும் ஒரு வழிக்கத்தி. உருளைக்கும் கத்திக்கும் உள்ள இடைவெளியைத் திருகால் கூட்டிக் குறைத்தால் படலத்தின் கனம் கூடும், குறையும். சோலை முகம் கீழாக வைத்தால் மேலிருக்கும் அழுத்த உருளை அதை இழுத்துக்கொள்ளும். மறுபக்கம் வெளியே வரும்போது சொல்யூஷன் மெழுகுபோலப் பரவியிருக்கும். எங்கள் இயந்திரம் முதல் நாள் ஓடியபோது அந்தப் பளபளப்பைப் பார்த்து நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். கையால் தடவும்போது ஓரத்தில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் குறை அதில் இல்லை.

மூன்று வாரம் கழித்து, சோலை அப்பரிலிருந்து இழுத்து உரித்துப் பார்க்கும் உரிப்புச் சோதனையில் சோல்கள் தோற்கத் தொடங்கின. பாதுகாப்புக் காலணிகளுக்கான ஐஎஸ்ஓ 20345 தரத்தில் அப்பருக்கும் சோலுக்கும் இடையிலான பிடிப்பு மில்லிமீட்டருக்கு 4 நியூட்டன் இருக்க வேண்டும். சோலே கிழிந்து வந்தால் மட்டும் 3 போதும். எங்கள் வாடிக்கையாளரும் அதே அளவைத்தான் கேட்டார். காலையில் ஒட்டியவை தேறின. பிற்பகலில் ஒட்டியவை தேறவில்லை. சோல் கொடுத்தவர்மீது பழி போட்டோம். அவர் தம்முடைய சோலில் குற்றம் இல்லை என்று காட்டிவிட்டார். பிறகு, சாப்பாட்டு இடைவேளைக்குப் பின்னால் பெண்கள் அசட்டையாக வேலை செய்கிறார்கள் என்று மேலிருந்து சொல்லப்பட்டது. அப்பருக்குக் கையால் தடவிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு மெமோ கொடுக்கப்பட்டது. அந்த மெமோவை அவர்கள் கையில் கொடுத்தவன் நான்தான்.

எங்கள் பிரிவில் 17 ஆண்டுகள் பேஸ்டிங், அதாவது சொல்யூஷன் தடவும் வேலை, செய்த அக்கா ஒருவர் இருந்தார். இயந்திரம் வந்தபின் பேக்கிங்குக்கு மாற்ற வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. உரிந்த ஜோடி ஒன்றை என் மேசையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். "சார், ரெண்டு பக்கமும் மினுங்குது பாருங்க. ஒண்ணு சேரவே இல்ல. காலையில ஊத்தினது மேலேயே திரும்பத் திரும்ப ஊத்துறாங்க. புளிச்ச மாவுல புது மாவ ஊத்துனா எல்லாமே புளிச்ச மாவுதான?" என்றார்.

நானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நல்ல ஒட்டு உரியும்போது தோலின் நார் பிய்ந்து சோல் பக்கம் பஞ்சுபோல ஒட்டிக்கொண்டு வரும். இதில் நார் ஒன்றுகூட இல்லை. அப்பர் பக்கத்துப் படலம் அப்பரிலும், சோல் பக்கத்துப் படலம் சோலிலும், கண்ணாடிபோலத் தனித்தனியே நின்றன. விரல் நகத்தால் சுரண்டினால் சோல் பக்கத்துப் படலம் மட்டும் கெட்டியாக, வளையாமல் இருந்தது.

காரணம் இதுதான். பாலியூரித்தேன் சொல்யூஷனில் 100 பங்குக்கு 3 முதல் 5 பங்கு ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலக்கிறோம். கலந்த நிமிடத்திலிருந்தே அது இறுகத் தொடங்குகிறது. சில மணி நேரத்துக்குமேல் அதைப் பயன்படுத்தக் கூடாது. பெண்கள் அரை லிட்டர் டம்ளரில் வாங்கித் தடவிய காலத்தில், இரண்டு மணி நேரத்துக்குள் டம்ளர் காலியாகிவிடும், அடுத்தது புதிதாகக் கலந்து வரும். யாரும் கடிகாரம் பார்க்கத் தேவையிருக்கவில்லை. இயந்திரத்தின் தொட்டியோ பல லிட்டர் கொள்ளும். மட்டம் குறையும்போதெல்லாம் அதன்மேலேயே புதியதை ஊற்றி நிரப்பினோம். காலையில் கலந்ததில் ஒரு பகுதி மாலைவரை உருளையோடு சுற்றிக்கொண்டே இருந்தது. பாதி இறுகிவிட்ட படலம் விளக்கின் சூட்டில் இளகுவதில்லை. இளகாத படலம் எதிர்ப்பக்கத்தோடு கலப்பதில்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தொட்டி திறந்தே இருந்ததால் கரைப்பான் பறந்துகொண்டிருந்தது. அசிட்டோன் 56 டிகிரியிலும், எத்தில் அசிடேட் 77 டிகிரியிலும், டொலுவீன் 111 டிகிரியிலும் கொதிப்பவை; ஆகவே அறை வெப்பத்திலும் அசிட்டோன்தான் முதலில் பறக்கிறது. சித்திரை, வைகாசி மாத வெயிலில் பிற்பகல் 3 மணிக்குத் தொட்டியில் இருந்தது, காலையில் நாங்கள் ஊற்றிய சொல்யூஷனே அன்று. கெட்டியானதும் இயக்குபவர் தின்னரை விட்டு இளக்கினார். பார்வைக்குச் சரியாகிவிட்டது, ஆனால் ஏற்கெனவே இறுகியதை எந்தத் தின்னரும் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

இதைத் திருத்தப் பெரிய செலவு ஆகவில்லை. தொட்டிக்குள் அடைப்புத் துண்டுகளை வைத்துக் கொள்ளளவைக் குறைத்தோம். மேலே தகட்டு மூடி போட்டோம். இரண்டு மணி நேரத்துக்கான அளவு மட்டும் ஊற்றி, சாப்பாட்டு இடைவேளையிலும் மாலையிலும் தொட்டியையும் உருளையையும் கத்தியையும் முழுவதுமாகக் கழுவினோம். கலந்த நேரத்தை எழுதிய அட்டை ஒன்றைத் தொட்டிமேல் தொங்கவிட்டோம். தோல்விகள் நின்றன. அந்த அக்காவை இயந்திரத்துக்கே பொறுப்பாளராகப் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பொறுப்பு கொடுத்தார்கள், சம்பளத்தில் உயர்வு இல்லை. மெமோ வாங்கிய இருவரிடமும் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. மெமோ இன்றும் அவர்கள் கோப்பில்தான் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு இது தேவையா என்று சிலர் நினைக்கலாம். தேவை என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் இயந்திரம் வந்த முதல் மாதத்தில் உங்கள் தொழிற்சாலையிலும் முதல் பழி பெண்கள்மீதுதான் விழும்.

ஹார்ட்னர் டின்னில் ஒட்டியிருந்த எச்சரிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. இயந்திரத்தோடு வந்த கையேடும் அப்படியே. கலந்தபின் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது அதில் அச்சிடப்பட்டிருந்தது. தொட்டியில் ஊற்றிய பையனால் அதைப் படிக்க முடியாது. படிக்கத் தெரிந்த நாங்கள் படிக்கவில்லை. முன்பணம் கொடுக்கும்போதே தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தரும்படி விற்பனையாளரிடம் கேளுங்கள். தர மறுத்தால் நீங்களே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

நான் இயந்திரத்துக்கு எதிரானவன் என்று யாரும் கருத வேண்டாம். மூடியும் புகை உறிஞ்சியும் உள்ள இயந்திரத்தை வாங்குவதற்கு மிக நல்ல காரணம் ஒன்று இருக்கிறது: மூச்சு. எட்டுத் திறந்த டம்ளர்களின் முன்னால் நாள் முழுவதும் குனிந்திருப்பவர்கள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்பதைக் காலணித் தொழிலின் வரலாறே சொல்கிறது. பென்சீன் கலந்த பசையோடு வேலை செய்த துருக்கிக் காலணித் தொழிலாளர்களில் 26 பேருக்கு ரத்தப் புற்றுநோயோ அதன் முன்நிலையோ இருந்ததை இஸ்தான்புல் மருத்துவர் முசாஃபர் அக்சோய் 1974இல் பதிவு செய்தார். ஜப்பானில் செருப்பு ஒட்டியவர்களுக்கும் இத்தாலியில் காலணி செய்தவர்களுக்கும் பசையிலிருந்த ஹெக்சேனால் கைகால் நரம்புகள் பழுதாகி மரத்துப்போயின. உங்கள் சொல்யூஷனில் இவை இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது என்பதையும் மறக்காதீர்கள். புகை உறிஞ்சி தனி விலை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் சொல்வார். அதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுழலும் உருளையில் நிலைமின்சாரம் சேரும் என்பதால் எர்த் இணைப்பும் கட்டாயம் வேண்டும். ஒரு பொறி போதும், தொட்டிமேல் நிற்கும் ஆவி பற்றிக்கொள்ளும்.

ஆள் குறையுமா என்பதற்கு வருகிறேன். உங்கள் சோல் தட்டையானதாக இருந்தால் சோல் பக்கத்துக்கு உருளை போதும். சுற்றுச்சுவர் எழும்பிய கப் சோலாக இருந்தால் உருளை அடிப்பரப்பை மட்டுமே தொடும், உள்சுவருக்கு பிரஷ்தான் போக வேண்டும். லாஸ்ட் என்ற கால் வடிவ அச்சில் ஏறிய அப்பரில், குறித்த கோட்டைச் சொல்யூஷன் தாண்டினால் கறை, கோட்டைத் தொடாவிட்டால் இடைவெளி. அந்த ஒரு மில்லிமீட்டரைக் கை பார்த்துச் செய்கிறது. பெரிய ஆலைகளில் சோலின் விளிம்பைக் கேமராவால் அளந்து ரோபோ தெளிக்கிறது. அது ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் ஓடுகிறவர்களுக்கு உரியது. வாரத்துக்கு நான்கு மாடல் மாற்றுகிற உங்களுக்கும் எனக்கும் ஒத்துவராது. மழைக்காலத்தில், கரைப்பான் பறக்கும் குளிர்ச்சியில் படலத்தின்மேல் பனி படர்ந்து வெண்மையாகப் பூக்கும். அப்படிப் பூத்ததை விளக்கின்கீழ் அனுப்பாமல் எடுத்து ஒதுக்கி வைப்பதும் ஓர் ஆளின் கண்தான். எட்டுப் பேரில் இரண்டு பேரை வேறு வேலைக்கு மாற்ற முடியலாம். நான்கைந்து பேரைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டு இயந்திரத்தின் கடனைத் திருப்பக் கணக்கிட்டிருந்தால், அந்தக் கணக்கை மறுபடி போடுங்கள். வேதியியல் படித்தவர்கள் நான் சொன்னதில் நுணுக்கமான பிழை கண்டால் திருத்தலாம். தொட்டியைக் கழுவ வேண்டும் என்பதில் எவரும் மாறுபட மாட்டார்கள்.

விற்பனையாளர் தம்முடைய சோலில், தம்முடைய சொல்யூஷனைக் கொண்டு, பத்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதை ஏற்காதீர்கள். உங்கள் சோலையும் உங்கள் சொல்யூஷனையும் கொண்டுபோய், ஹார்ட்னர் கலந்து, ஒரு முழு நாள் ஓட்டச் சொல்லுங்கள். காலை 9 மணிக்கு ஒட்டிய ஜோடியையும் மாலை 4 மணிக்கு ஒட்டிய ஜோடியையும் நேரம் குறித்துத் தனித்தனியே வைத்து, மூன்று நாள் கழித்து உரித்துப் பாருங்கள். உரிக்கும்போது உங்கள் எட்டுப் பெண்களில் மூத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்தையும் முதலில் அவர் கையில் கொடுங்கள்.