பிள்ளைகளை நெஞ்சில் மட்டுமா?

கேள்வி: வங்கியில் வேலை கிடைத்தபோதும் சரி, இப்போது பதவி உயர்வு வந்தபோதும் சரி, அப்பா என்னிடம் ‘ம்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் டீக்கடையில் என்னைப் பற்றித்தான் பேச்சாம். அதை என்னிடமே சொன்னால் என்ன குறைந்துவிடும்?
வாசகி, கும்பகோணம்

பதில்: ஒன்றும் குறையாது சகோதரி. ஆனால் குறைந்துவிடும் என்று நம்பி வளர்ந்தவர் உங்கள் அப்பா. ஔவையார் பெயரில் ஒரு தனிப்பாடல் இருக்கிறது, யாரை எங்கே பாராட்டலாம் என்று சொல்லும். நண்பனை அவன் இல்லாத இடத்தில், ஆசானை எங்கேயும், மனையாளைப் பஞ்சணையில், வினையாளை வேலை முடிவில். பிள்ளைகளை? ‘மைந்தர் தமை நெஞ்சில்’. வாய் திறந்து சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும், கண் பட்டுவிடும் என்கிற பயம்தான்.

அந்த ஓர் இடம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, சரி. 1998-ல் முல்லர், டுவெக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும் சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டிப் பார்த்தார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கிய பிள்ளைகளில் பலர் அடுத்து எளிதானதையே தேடினார்கள், கடினமான புதிரில் தோற்றதும் துவண்டும் போனார்கள். உழைப்புக்காகப் பாராட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிற புதிரையே கேட்டார்கள். அப்படியென்றால் வினையாளுக்கு ஔவை சொன்னதுதானே பிள்ளைக்கும் பொருந்துகிறது, வேலை முடிந்ததும் அந்த வேலையைச் சொல்லிப் பாராட்டுவது!

அப்பா மாறட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே ஆரம்பியுங்கள். என் அப்பாவும் வாய் திறக்காதவர்தான். ஒருநாள் சாயங்காலம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், ‘இத்தனை வருஷம் ஆகியும் செயின் சத்தமே இல்லையேப்பா, எப்படி?’ என்று கேட்டேன், உண்மையாகவே வியந்துதான். பழைய வேட்டித் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, பெடலை மெல்லச் சுற்றி, ஒவ்வொரு கண்ணியாக எப்படித் துடைக்க வேண்டும் என்று அரை மணி நேரம் காட்டினார். கையைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், ‘போன வாரம் நீ எழுதினதுல அந்த ஆரம்பம் நல்லா இருந்துச்சு’ என்றார். அவர் அதைப் படிப்பார் என்றே எனக்குத் தெரியாது.