போர்டிகோ தளம் வெடிச்சதுக்கு மேல்பூச்சு தீர்வு இல்ல சார்
மன்னார்குடி பக்கம் புது வீடு, போர்டிகோ தளம் வெடிச்சு ஒரு ஓரம் எறங்கிருச்சு, மேல சிமெண்ட் பூசினா போதுமான்னு கேட்டிருக்கீங்க. போதாது சார். நம்ம டெல்டா களிமண்ணு தண்ணி குடிச்சா உப்பும், கோடையில சுருங்கி பாளம் பாளமா வெடிக்கும், அது மேல நேரா கான்கிரீட் போட்டா அதுவும் கூடவே ஆடத்தான் செய்யும். உடைச்சு எடுத்துட்டு களிய முடிஞ்சா ரெண்டடி வெட்டி வெளிய போட்டு அந்த எடத்துல கிராவல் மண்ணு அடிங்க, ஆனா மொத்தமா கொட்டாம அரையடி அரையடியா தண்ணி விட்டு மெஷின் வச்சு இடிச்சு இறுக்கணும், இதுலதான் மேஸ்திரிங்க அவசரப்படுவாங்க, பக்கத்துலயே நில்லுங்க. வயல் மண்ண மட்டும் ரொப்பாதீங்க. அதுக்கு முன்னாடி மாடித் தண்ணி பைப்பு எங்க விழுதுன்னு பாருங்க, தள ஓரத்துலயே கொட்டுச்சுன்னா எவ்ளோ கம்பி கட்டினாலும் வேஸ்ட். புதுத் தளத்துக்கு வாட்டம் (தண்ணி ஓடுற சரிவு) 10 அடிக்கு ஒன்னேகால் இஞ்சாவது வெளிப்பக்கமா குடுங்க. ஐப்பசி மழைக்குள்ள முடிச்சிருங்க.