கேம்கோடர் வீடியோவ லேப்டாப்ல ஏத்துனா துண்டு துண்டா வருது, ஒட்டுற இடத்துல சத்தம் விட்டுப்போகுது, ஏன்?

"கார்டுல எம்டிஎஸ்னு பேரு முடியற 4 வீடியோ ஃபைல் இருந்துச்சு, அத மட்டும் இழுத்துப் போட்டேன்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, வினை அங்கதான். நானும் அதையேதான் செஞ்சேன்.

எனக்கு மலேசியா சிலாங்கூர்ல பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், 2007ல பேர பெஸ்தாரி ஜெயான்னு மாத்திட்டாங்க, எங்க ஆளுங்க வாயில இன்னும் பழைய பேருதான். தோட்டத்து மாரியம்மன் கோவில் தீமிதி, ஸ்டாண்டுல கேமராவ வச்சு 40 நிமிஷம் ஒரே ஓட்டமா எடுத்தேன், ராத்திரி வந்து பெரிய ஃபைலுங்கள மட்டும் காப்பி பண்ணிட்டு, மறுநாள் காதுகுத்துக்கு கார்டு வேணுமேன்னு ஃபார்மட் அடிச்சுட்டேன். எடிட்டிங்ல போட்டா உறுமி உச்சத்துல இருக்கறப்ப டக்குனு ஒரு விக்கல், 11 நிமிஷம் கழிச்சு இன்னொன்னு. பெரியப்பா பாத்துட்டு "என்னாடா, சாமி ஆடுறப்பவும் கரண்ட் கட்டா"ன்னாரு.

ஏன்னா இது ஏவிசிஎச்டிங்கற கேம்கோடர் வீடியோ முறை, 2006ல சோனியும் பானாசோனிக்கும் சேந்து கொண்டாந்தது. இந்த மாதிரி கார்டு பெரும்பாலும் ஃபேட்32ங்கற முறையில ஃபார்மட் ஆகியிருக்கும், அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிய தாண்ட முடியாது, அதனால கேமரா எழுதிக்கிட்டே இருக்கும்போதே வெட்டிட்டு அடுத்த ஃபைலுக்கு போயிரும், என்னோடது 2 ஜிபிக்கே வெட்டுது, 24 எம்பிபிஎஸ் (நொடிக்கு 24 மெகாபிட்) தரத்துல அது 11 நிமிஷம் சொச்சம். சத்தம் முடிஞ்சுதான்னு பாத்து வெட்டாது, அடி பாதியில இருந்தாலும் வெட்டும். எந்த துண்டு எதோட ஒட்டணும்ங்கற கணக்கு, எம்டிஎஸ் ஃபைலுங்க இருக்கற ஸ்ட்ரீம் ஃபோல்டர்ல இல்ல, பக்கத்துல பிளேலிஸ்ட், கிளிப்இன்ஃப்னு சின்ன ஃபோல்டருங்க இருக்கு பாருங்க, அதுல. நாம ரப்பர் பால மட்டும் தூக்கிட்டு கிராணியோட (தோட்டத்து கணக்கப்பிள்ளையோட) கணக்கு புத்தகத்த ஸ்டோர்லயே விட்டுட்டு வந்துர்றோம்.

அதனால கார்டுல பிரைவேட்னு இருக்கற ஃபோல்டர அப்படியே முழுசா ஹார்ட் டிஸ்குக்கு காப்பி பண்ணுங்க, உள்ள ஒரு பேரையும் மாத்தாதீங்க. எடிட்டிங்குக்கு அடோபி பிரீமியர்னா அதுக்குள்ள இருக்கற மீடியா பிரவுசர் வழியா போங்க, 4 துண்டும் ஒரே கிளிப்பா தெரியும். கேமரா கூட வர்ற சாஃப்ட்வேரும் பெரும்பாலும் ஒட்டிக் குடுத்துரும்.

கார்ட அழிச்சாச்சா? எனக்கு கைகுடுத்தது விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்தான். காப்பின்னு அடிச்சு ஸ்லாஷ் பி போட்டு, துண்டுங்க பேர வரிசையா நடுவுல பிளஸ் குறி வச்சு எழுதி, கடைசியா புது ஃபைல் பேரு. மறுபடி கன்வர்ட் எல்லாம் கிடையாது, வெட்டுன இடத்துல அப்படியே ஒட்டுது, விக்கல் போயிருச்சு. ஒரே ஓட்டத்துல எடுத்த துண்டுங்களுக்கு மட்டும்தான் இது, வேற வேற ஷாட்ட இப்படி ஒட்டி குழப்பிக்காதீங்க. ஒட்டுனது 7 ஜிபி, பெண்டிரைவ் "இடமில்ல"ங்குது, 32 ஜிபி பெண்டிரைவ்லா! அதுவும் ஃபேட்32தான், அந்த 4 ஜிபி தடை இல்லாத எக்ஸ்ஃபேட்டா ஃபார்மட் பண்ணப்பறம் ஏறுச்சு.

இன்னொன்னு, தீமிதியில ஓடுற காலெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா தெரிஞ்சா ஃபைல் கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க, அது 50i, அதாவது ஒவ்வொரு படத்தையும் ஒத்தப்படை கோடு, இரட்டைப்படை கோடுன்னு ரெண்டு பாதியா எடுக்கற இன்டர்லேஸ் முறை, டைம்லைன 25 ஃப்ரேமுக்கு வச்சு, அந்த கோட்ட நீக்குற டீஇன்டர்லேஸ் போட்டா போதும்.

உங்க கார்டு இன்னும் அழிக்காம இருக்கா? இருந்தா முதல்ல கார்டு ஓரத்துல இருக்கற அந்த சின்ன பூட்ட தள்ளி லாக் பண்ணுங்க, அப்பறம் காப்பி.