பாட்டியின் வெள்ளி ரூபாய் கறுத்துவிட்டது, தேய்க்கலாமா?

யாங்கோனில் பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்த 1911ஆம் ஆண்டு ஜார்ஜ் மன்னர் ரூபாயைப் புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐயோ, வேண்டாம்! அது அழுக்கல்ல, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான படலம். விளிம்பிலிருந்து பொன், ஊதா, நீலம் என்று மெல்ல மாறினால் பெரும்பாலும் இயற்கை. திட்டுத்திட்டாகப் பளீரென்றால், யாரோ செயற்கையாக நிறமேற்றியிருப்பார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

தரம் பார்க்க மன்னரின் கிரீடம், தாடி, மார்பிலுள்ள குட்டி யானை ஆகியவற்றைப் பாருங்கள். இந்த யானை பன்றிபோல் இருக்கிறதென்று எதிர்ப்பு வந்துதான் 1912இல் திருத்தினார்கள்! இவை மழுங்காமல், விளக்கடியில் திருப்பும்போது ஒளி சக்கரம்போல் சுழன்றால் உயர்ந்த தரம். ஒரே திசையில் மெல்லிய கீறல்களா? யாரோ முன்பே தேய்த்திருக்கிறார்கள். அப்புறம், அசல் நாணயமென்றால் எடை 11.66 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும்.